நெல் மூடைகளுக்குப் பின்னால் ஒரு பாட்டு

தர்மபுரம்
11.03.2007

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. லொறி ஓடுகிற ராஜரத்தினம் அண்ணையின் கையில் ஐயா கொடுத்துவிடுகிறார். அண்ணை திறந்து பார்க்கமாட்டார். ஆனபடியால் மனம் விட்டு எழுதுகிறேன்.

ஊராரைப் பொறுத்தவரையில் நான் இப்போது வவுனியாவில் உங்களோடு இருக்கிறேன். "அவன் தமக்கையோட போயிட்டான்" என்று அம்மா கிணற்றடியில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுவா. நான் அதை நெல் அறைக்குள், மூடைகளுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கே என்னை நன்றாகக் கவனியுங்கோ அக்கா. மூன்று நேரமும் சோறு போடுங்கோ.

மாசி மாதம் மூன்று வீடு தள்ளிப் பாலனை இயக்கத்துக்குக் கொண்டு போனார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் கட்டாயம். அன்றைக்கே ஐயா மூடைகளைச் சுவர்போல அடுக்கி, பின்னால் ஒரு பாய் போடுகிற அளவுக்கு இடம் விட்டார். வவுனியாவுக்கு உண்மையாகவே வரலாம் என்றால் இங்கிருந்து வெளியேற என் வயதுக்கு இயக்கத்தின் பாஸ் கிடையாது.

இருட்டுப் பழகிவிட்டது. புழுக்கமும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், பக்கத்து வளவு இளையதம்பி அண்ணையின் இறைப்பு மெசின். விடியத் தொடங்கினால் பொழுதுபட்டுத்தான் நிற்கும். சுற்றியுள்ள மிளகாய்த் தோட்டமெல்லாம் அவருடைய கிணற்றுத் தண்ணீரில்தான். டப டப டப என்று மண்டைக்குள் இறைக்கிறது. அந்த மெசின் ஒரு நாள் நின்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். உழவு மெசின் பற்றரியில் என் பழைய ரேப் ரெக்கோடர் நன்றாகப் பாடும். ஆனால் ஸ்பீக்கரில் போட முடியுமா? எனக்கு ஒரு ஹெட்போன் வேண்டும். நீங்கள் வேலை செய்கிற அன்ஸார் நானாவின் கடையில் வெளிச் சத்தத்தைக் கலைக்கிற நொய்ஸ் கான்சலிங் சாமான் இருக்குமா? மெசினும் வேண்டாம், அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வேண்டாம். பாட்டு மட்டும் கேட்டால் போதும்.

அன்புத் தம்பி,
கிருசாந்தன்


வவுனியா
25.03.2007

அன்புத் தம்பிக்கு,

நீ இங்கே நன்றாகத்தான் இருக்கிறாய். நேற்று உனக்குப் புட்டும் மீன்குழம்பும் போட்டேன், ருசி இல்லை என்று முகத்தைச் சுளித்தாய். அப்படியே நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை.

கடையில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று நீ கேட்ட நொய்ஸ் கான்சலிங். யாரோ வெளிநாட்டுக்காரர் விற்றுவிட்டுப் போனது. மற்றது ஓப்பன் பாக் என்கிறார்கள், காதுக்குப் பின்பக்கம் மூடி இல்லை, வெறும் கம்பி வலை. நானாவிடம் ஒரு சொந்தக்காரருக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அந்த மனிசன் என் முகத்தைப் பார்த்தவுடனேயே கதவுப் பக்கம் போய் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டு வந்து இருந்தார். அவருடைய வாப்பாவின் கடை முல்லைத்தீவில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களைப்போல இயக்கத்தால் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டவர்கள். அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"தங்கச்சி, வீட்டில ஆறுதலா இருந்து கேக்கிறதெண்டா வலைதான். பாட்டு காத்தோட்டமா இருக்கும், ஆக்கள் முன்னுக்கு இருந்து வாசிக்கிற மாதிரி. ஆனா ரெண்டு பக்கமும் ஒழுகும். வெளிச்சத்தம் உள்ள வரும், பாட்டு வெளிய போகும். மற்றது ஒழுகாது. ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, அது விழுங்கிறது ஒரே மாதிரி இரைஞ்சுகொண்டிருக்கிற சத்தத்தை. மெசின், ஃபான், பிளேன்."

பிளேன் என்றதும் சாமானைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டேன். குண்டு போடுகிற கிபிர் வந்தால் பங்கருக்குள் ஓட உனக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? அந்த இரைச்சலை விழுங்குகிற சாமானை நானே வாங்கி உன் காதில் மாட்டுவதா? வேலிப் படலை திறக்கிற சத்தமும், அம்மா கூப்பிடுகிற சத்தமும் உனக்குக் கேட்க வேண்டாமா? அதோடு அதற்குச் சின்னப் பற்றரி வேண்டும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பற்றரி விடமாட்டார்கள்.

வலையை அனுப்பட்டுமா?

அக்கா,
சாரங்கா


தர்மபுரம்
06.04.2007

அக்கா,

வலை வேண்டாம். எனக்கு மூடிதான் வேண்டும். பற்றரிக்கு நான் வயர் இழுத்துக்கொள்வேன், அது எனக்குப் பெரிய வேலை இல்லை.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாட்டு வெளியே போகும் என்று. வெளியே போனால் நானும் பாட்டுக்குப் பின்னால் போகவேண்டியதுதான். ஐயாவும் மூடிதான் நல்லது என்கிறார். "கிபிர் எப்பவாவது வரும், ஆள் பிடிக்கிறவங்கள் ஒவ்வொரு நாளும் வாறாங்கள்" என்றார். அவர் சொல்வதில் பிழை இருக்கிறதா?

கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்கிறீர்கள். இங்கே இருந்து கேட்டுப் பாருங்கோ. பாலனின் தாய் ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து, "நீ கெட்டிக்காரி இலட்சுமி, நேரத்தோட பொடியனை அனுப்பிப்போட்டாய்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறா. மூடைக்கு இந்தப் பக்கம் நான் சாரத்தைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்கவா வலை?

இன்னுமொன்று. சொல்லக்கூடாது என்றிருந்தேன், சொல்கிறேன். வீட்டுக்கு ஒராள். நீங்கள் வேலை என்று போனீர்கள், பாதையைப் பூட்டினார்கள், நீங்கள் அங்கே, நான் இங்கே. நீங்கள் இருந்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு பேர். நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால் எதைக் காதில் போடுவது என்று நான்தான் சொல்லவேண்டும்.

கிருசாந்தன்


வவுனியா
22.04.2007

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு கிழமை பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நல்ல வார்த்தை வந்திராது.

நான் இருந்திருந்தால் உனக்குப் பதிலாக என்னைக் கொண்டு போயிருப்பார்கள் என்றுதானே சொல்ல வந்தாய்? நேரே எழுதடா. நானும் அதைத்தான் தினமும் நினைக்கிறேன். திரும்பி வருவதற்குப் பாஸ் கேட்டுப் போனேன். ஐயா எப்படியோ அறிந்து ராஜரத்தினம் அண்ணையிடம் சொல்லி அனுப்பினார், "அவளை அங்கேயே இருக்கச் சொல்லு, படலைக்குள்ள கால் வைச்சாளெண்டா நான் உயிரோட இருக்கமாட்டன்" என்று. இது உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. தெரிந்துகொள்.

வலையைத்தான் அனுப்புகிறேன். கோபித்துக்கொள். மூடியைப் போட்டுக்கொண்டு நீ கண்ணை மூடிக் கிடக்க, மேலே கிபிர் சுற்ற, அம்மா நெஞ்சிலடித்துக்கொண்டு கூப்பிடுவது எனக்குக் கனவில் வருகிறது. அதைவிட நீ என்னைத் திட்டுவது பரவாயில்லை.

ஒழுக்குக்கு ஒரு வழி இருக்கிறது. நெல்மூடை சத்தத்தை உறிஞ்சும் என்று அன்ஸார் நானா சொல்கிறார், றெக்கோடிங் பண்ணுகிற இடங்களில் சுவரில் சாக்கு அடிப்பார்களாம். நீ உள்ளே போட்டுக் கேள். அம்மா கிணற்றடியிலும் ஐயா படலையிலும் நின்று கேட்டுப் பார்க்கட்டும். எந்த அளவு வைத்தால் வெளியே கேட்கவில்லையோ, அந்த இடத்தில் ரேப்பின் குமிழில் என் நகப்பூச்சால் ஒரு பொட்டு வை. பொட்டைத் தாண்டாதே. இரவில் போடவே போடாதே, இரவில் சின்னச் சத்தமும் தூரம் போகும்.

சாமானை ராஜரத்தினம் அண்ணை தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். "கேட்டா, நான் பாட்டுப் பிரியன் எண்டு சொல்லுவன்" என்கிறார். அந்த மீசைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

அக்கா


தர்மபுரம்
05.06.2007

என்ர அக்கா,

திட்டத்தான் இருந்தேன். முதல் பாட்டிலேயே வாயை அடைத்துவிட்டீர்கள்.

எப்படிச் சொல்ல? மிருதங்கக்காரர் என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வயலின் நாலாவது மூடைக்கு அங்கால். பாடுகிறவர் மூச்சு எடுக்கிறது கேட்கிறது அக்கா! ஆறு வருசமாக இந்தக் கசற்றைக் கேட்கிறேன், அவர் மூச்சு எடுப்பார் என்று எனக்குத் தெரியாது. அறைச் சுவர் நாலும் விலகிப் போனதுமாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன், அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

நீங்கள் சொன்ன மாதிரி எல்லாம் செய்தோம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஐயா படலையடியில் வேலி கட்டுகிற மாதிரி நின்றார். அம்மா கிணற்றடியில், பிறகு அறைச் சுவரோடு ஒட்டி நின்றா. நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா உள்ளே வந்து, "இளையதம்பியின்ர மெசினைத் தவிர ஒரு மண்ணும் கேக்கேல்லையடா" என்றா. இன்னும் கூட்டினேன். அப்பவும் இல்லை. ஆறில் பொட்டு வைத்தோம். ஐயாவின் முகத்தில் சிரிப்பைக் கண்டு எத்தனை மாதம்! "பகல்ல பயமில்லை, போட்டுக் கேளடா" என்று முதுகில் தட்டினார்.

நீங்கள் சொன்னதும் சரிதான். போட்டுக்கொண்டே அம்மா தேங்காய் துருவுவது கேட்கிறது, படலைக் கம்பி கிறீச்சிடுவது கேட்கிறது. போன கிழமை கிபிர் வந்தபோது அம்மாவுக்கு முதல் எனக்குத்தான் கேட்டது. நான்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போனேன். ஆகவே இது ஒரு உயிரைக் காப்பாற்றின சாமான் என்று நானாவிடம் சொல்லுங்கோ.

அம்மா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்தா. எனக்காக என்ன நேர்ந்தா என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறா. போன கடிதத்தில் எழுதிய அந்த ஒரு பந்தியைக் கிழித்துப் போட்டுவிடுங்கோ. நான் அப்படி நினைக்கவில்லை. இருட்டுக்குள் இருந்தால் வாய் கண்டபடி போகிறது.

தம்பி


வவுனியா
19.08.2007

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை அன்ஸார் நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூச்சு எடுக்கிற இடம் வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்கென்று மூன்று கசற் தந்திருக்கிறார். "பொடியனுக்கு வெளிய வாற நாள் வந்தா நேர கடைக்கு வரச் சொல்லுங்கோ, வேலை இருக்கு" என்றார். நீ சம்பளத்துக்கு என்னோடு சண்டை பிடிக்கப் போகிறாய்.

நாலாவது கசற்றில் நான் பேசியிருக்கிறேன். சிரிக்காதே. கடையில் ஆள் இல்லாத நேரம் பதிந்தது. நடுவில் ஒரு ஓட்டோ போகும், ஒரு ஆள் பல்ப் விலை கேட்பார். அதையெல்லாம் அழிக்கவில்லை, இங்கே எப்படி இருக்கிறது என்று நீயும் கேள். கடைசியில் சின்ன வயதில் உன்னை நித்திரையாக்கப் பாடுகிற பாட்டையும் பாடினேன், சுருதி எங்கேயோ போய்விட்டது.

பொட்டைத் தாண்டாதே.

அக்கா


14.10.2007

அக்கா,

இடம் எழுதக்கூடாது. இது உங்களிடம் எத்தனை கை மாறி வரும் என்று தெரியவில்லை.

அம்மா சொல்லி அனுப்பியிருப்பா. புரட்டாதியில் என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். அடி உதை ஒன்றும் இல்லை. தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், என் காது இவ்வளவு பெரிது என்று இப்போதுதான் தெரிகிறது. பாலனைக் கண்டேன். என்னைக் கண்டதும் சிரித்தான். "வவுனியா எப்பிடியடா இருந்தது?" என்று கேட்டான்.

வெயிலில் நிற்கப் பழகவில்லை, கண் கூசுகிறது. மற்றும்படி சுகம். ஐயாவை யோசிக்கவேண்டாம் என்று சொல்லுங்கோ.

கிருசாந்தன்


வவுனியா
11.11.2007

என் தம்பிக்கு,

இது உன் கையில் கிடைக்குமோ தெரியாது. ஒரேயொரு கேள்விதான். அவர்கள் வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா?

ஐயாவிடம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அம்மாவிடம் ராஜரத்தினம் அண்ணையைக் கேட்கச் சொன்னேன், அவா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாவாம். நீ மூடி கேட்டாய், நான் பிடிவாதமாக வலையை அனுப்பினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை, கடையில் அந்த மூடியை நான் துடைப்பதில்லை, நானா அதை உள் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஓம் என்றால் ஓம் என்று எழுது, தாங்கிக்கொள்வேன்.

அக்கா


17.02.2008

அக்கா,

உங்கள் கடிதம் மூன்று மாதம் சுற்றி நேற்றுத்தான் வந்தது.

இல்லை. அன்றைக்குப் பற்றரி இறங்கிப்போய் இருந்தது. ஐயா சார்ஜ் போடக் கடைத்தெருவுக்குக் கொண்டு போயிருந்தார். நான் வெறும் காதோடு நித்திரை. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள், வந்தவர்கள் நேரே நெல் அறைக்குத்தான் வந்தார்கள். வலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சோறு சாப்பிடுங்கோ.

மன்னார்ப் பக்கம் இருந்து வருகிற சத்தத்தைக் கேட்டால் இப்போதுதான் எனக்கு அந்த மூடி வேண்டும். ஷெல் விழுகிற சத்தம் அல்ல, அதற்குப் பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம். அதை விழுங்குமா என்று நானாவிடம் கேளுங்கோ.

உங்கள் கசற்றைப் பாடமாக்கிவிட்டேன். ஓட்டோ, பல்ப், பிறகு தாலாட்டு. காவல் சென்ரியில் நிற்கும்போது மனதுக்குள் போட்டுக் கேட்பேன். அதற்கு எந்தச் சாமானும் தேவையில்லை. அதில் ஒழுக்கும் இல்லை.

தம்பி


வவுனியா
19.07.2009

தம்பி,

இந்தக் கடிதத்துக்கு விலாசம் இல்லை. ராஜரத்தினம் அண்ணையும் இல்லை, லொறியும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஐயா மாத்தளனில் போய்விட்டார். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல். சண்டை முடிந்த பிறகு அம்மாவைச் செட்டிகுளம் முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்கள். முட்கம்பிக்கு அந்தப் பக்கம் அவா, இந்தப் பக்கம் நான். முதல் நாள் யாரோ கிழவி என்று தாண்டிப் போய்விட்டேன். "பிள்ளை சாரங்கா" என்று கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அம்மாவிடம் ஒரு உரப்பை இருந்தது. அதற்குள் ஐயாவின் அடையாள அட்டையும், ஒரு சேலையும், உன் ஹெட்போனும். ஒரு பக்க வலை நசுங்கியிருக்கிறது. "அவன் கையில தந்தவன், எப்பிடி எறியிறது?" என்றா. கம்பிக்குள்ளால் நீட்டினா. வாங்கிக்கொண்டேன்.

பிறகு கேட்டேன். இந்த முறை அவா எழும்பிப் போகவில்லை. போவதற்குக் குசினி இல்லையே.

"அண்டைக்கு இளையதம்பியின்ர மெசின் நிண்டிட்டுது பிள்ளை. மண்ணெண்ணெய் முடிஞ்சுபோச்சு. வருசக்கணக்கா ஓடின மெசின், நிண்டதை நாங்கள் ஆரும் கவனிக்கேல்லை. வந்தவங்கள் தேடி வரேல்லை, தண்ணி குடிக்கத்தான் வந்தவங்கள். நான் செம்பில வாத்துக் குடுத்தன். பாதி குடிச்சுப்போட்டு ஒருத்தன் நிமிர்ந்து பாத்தான். 'அம்மா, உள்ள ஆர் தாலாட்டுப் பாடுறது?' எண்டான்."

போதும் அம்மா என்றேன். அம்மா நிறுத்தவில்லை.

"நான், அது பக்கத்து வீடு தம்பி, எண்டன். ஐயா ஓடி வந்தார். அவரின்ர சேட்டில ஒருத்தன் கையை வைச்சான். அவ்வளவுதான், உன்ர தம்பி மூடையைத் தள்ளிக்கொண்டு தானா வெளிய வந்திட்டான். எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கு. தலையில இருந்து அதைக் கழட்டி என்ர கையில தந்திட்டு, 'அக்காட்டைச் சொல்லாதேங்கோ' எண்டான்."

பொய்காரா. பற்றரி இறங்கிப்போச்சாம். யாரோ காட்டிக்கொடுத்தார்களாம். அந்த யாரோவை நான் ஒன்றரை வருசமாகக் கோயில் கோயிலாகப் போய்த் திட்டினேன். இளையதம்பி அண்ணையா, பாலனின் தாயா என்று ஒவ்வொருவராக நினைத்தேன். எல்லாரும் பாவங்கள். அது என் குரல். மெசின் ஓடும்போது ஆறில் வைத்த பொட்டு, மெசின் நின்ற பிறகும் ஆறிலேயே இருந்திருக்கிறது. உனக்குப் பிடிக்காத அந்த மெசின்தான் உன்னை மறைத்து வைத்திருந்தது. இதை ஒருவரும் யோசிக்கவில்லையே, ஐயோ! நானும் யோசிக்கவில்லையே.

உன் பெயரைச் சொல்லிக் கேட்காத இடம் இல்லை. வைகாசியில் வட்டுவாகல் பாலத்தடியில் பாலனோடு உன்னைக் கண்டதாக ஒரு பெண் சொல்கிறா. காலில் கட்டுப் போட்டிருந்தாயாம். ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்களாம். எந்த பஸ், எங்கே போனது என்று சொல்ல ஒருவரும் இல்லை. முகாம்களில் கேட்டால், பெயர் இல்லை, வந்தால் அறிவிப்போம் என்கிறார்கள்.

எனக்கு நித்திரை இல்லை என்று கண்டு அன்ஸார் நானா உள் அலுமாரியில் இருந்து அந்த மூடியை எடுத்து வந்து தந்தார். "இதைப் போட்டுக்கொண்டு படுங்கோ தங்கச்சி. ஒண்டும் கேக்காது, கொஞ்சம் கண் அயரலாம்" என்றார். நல்ல மனிசன். வேண்டாம் நானா, எனக்குக் கேட்கவேணும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

நசுங்கின வலையை நெளிவெடுத்துவிட்டேன். வயர் அறுந்துதான் கிடக்கிறது, அதை ஒட்டவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் அதைத்தான் தலையில் போட்டுக்கொண்டு இருக்கிறேன். உன் எண்ணெய் மணம் இன்னும் பஞ்சில் இருக்கிறது. போட்டால் எல்லாம் கேட்கிறது, தெருவில் போகிற ஓட்டோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்பது, ஒழுங்கையில் ஆட்களின் செருப்பு.

வந்தால் கூப்பிடாதே, தட்டவும் தேவையில்லை. படலையில் கையை வை. எனக்குக் கேட்கும்.

அக்கா